வெனிஸில் முறுக்கு தின்ற அக்கா

கல்யாண நாளென்று மனைவியை வெனிஸுக்கு அழைத்துப்போனவன், குழந்தைத் தள்ளுவண்டியோடு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போனேன் பாருங்கள், என்னைவிட முட்டாள் பினாங்கில் கிடையாது. அங்கே தெருவுக்குத் தெரு பாலம், பாலமெல்லாம் படிக்கட்டு. வண்டியைத் தூக்கித் தூக்கி என் இடுப்பே போயிற்று. படகிலாவது மனைவி பக்கத்தில் உட்காரலாமென்றால், சின்னவன் நடுவில் புகுந்துகொண்டு அழுதான்.

"பட்டர்வொர்த் எப்பப்பா வரும்?"

பினாங்கில் அவனுக்குத் தெரிந்த படகெல்லாம் அக்கரையிலுள்ள அந்த ஊருக்குத்தான் போகும்.

எதிரே, சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட ஓர் அக்கா டப்பாவிலிருந்து முறுக்கை எடுத்துக் கடித்தபடி தண்ணீரை ரசித்துக்கொண்டிருந்தார். அழுதவனுக்கும் ஒன்று நீட்டினார். அவருக்கும் ஊர் பட்டர்வொர்த் பக்கம்தான், பாகான் டாலாமாம்.

"எப்படிக்கா இவ்வளவு நிம்மதியா இருக்கீங்க? உங்க பிள்ளைங்க எங்க?"

என் மனைவியும் திரும்பிப் பார்த்தாள்.

"வீட்லலா. அவங்க அப்பா பாத்துக்கிறாரு."