காற்றறையில் தண்ணீர்

கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று வந்த சக்ரபாணி, மைசூரில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. விடாத முதுகுவலி. அக்ரஹாரத்து வாடகை வீட்டில் சதா இருமிக்கொண்டிருக்கும் மாமனார். அலுத்துப்போன மனுஷருக்கு ஆசை ஒன்றுதான் மிச்சம்: சொந்தமாக ஒரு சின்னப் பாய்மரப் படகு.

தொண்ணூற்றாறு தை மாதம், கண்ணம்பாடி அணையின் பின்நீர்க் கரையில் பழைய படகொன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டார்.

"போய்ப் பார்த்துட்டு வாங்கோ. இல்லேன்னா அதையே நெனச்சிண்டு இருப்பேள்," என்றாள் மனைவி பங்கஜவல்லி.

படகுக்காரர் செந்தில்நாதன், ஹனூர் பக்கத்து ஆள், ஓய்வுபெற்ற ஓவர்சியர்.

"இருபது வருசப் படகுங்க. புள்ளையாட்டம் வெச்சிருக்கறேன்."

நீலப் பெயிண்ட் பளபளத்தது. இருபது வருஷப் படகுக்குப் புதுப் பெயிண்ட் என்றால் எதையோ மறைக்கத்தான் என்று சக்ரபாணிக்குப் பாதி மனம் விட்டுப்போயிற்று. முட்டி போட்டு உட்கார்ந்து, அடிப்பலகை மூட்டில் பேனாக்கத்தியை வைத்து அழுத்தினார். கனிந்த வாழைப்பழத்தில் இறங்குவதுபோல் இறங்கியது. சரி, பலகையை மாற்றிக்கொள்ளலாம். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் தாங்குபவை இரு பக்கமும் உள்ள காற்றறைகள். ஒன்றின் அடைப்பானைத் திருகினார். நாறிய தண்ணீர் கொட்டியது.

"கவுந்தா இது மிதக்காது, சார்."

"அட, மழைத்தண்ணிங்க."

"மழை எறங்கற ஓட்டைல ஏரி எறங்காதா?"

சரிபண்ண ஆறு மாச ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டும். முன்பென்றால் ஒரு கை பார்த்திருப்பார். இப்போது உடம்பில் தெம்பில்லை. கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. புருஷன், பெண்டாட்டி, முன்னால் நின்றபடி ஒரு சின்னப் பெண். படகு விற்கிற இடம் எது என்று கன்னடத்தில் கேட்டார்கள். கை காட்டிவிட்டார். அவர்கள் போன பிறகுதான் அந்தக் காற்றறைத் தண்ணீர் ஞாபகம் வந்தது. பஸ்ஸும் வந்தது, அதை விட்டால் இரண்டு மணிநேரம். கண்டக்டர் கூப்பிட்டார். வேண்டாமென்று கையசைத்துவிட்டு, ஒரு மைல் திரும்பி நடந்தார்.

அந்தச் சின்னப் பெண் படகுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள். சக்ரபாணி கத்தி இறங்கிய இடத்தைக் காட்டி, காற்றறை விஷயத்தையும் சொன்னார்.

"வேண்டாம்னா போகோணும். அடுத்தவன் யாவாரத்தைக் கெடுக்கவா திரும்பி வந்தீங்க?" செந்தில்நாதன் முகம் சிவந்தது.

"கொழந்தை இருக்கே, சார்."

ஸ்கூட்டர்க்காரன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். விலையைக் குறைத்துத் தானே வாங்கத்தான் இந்த நாடகம் என்று நினைத்தானோ என்னவோ. அவன் மனைவி மட்டும் பெண்ணைத் தூக்கி இறக்கினாள். நன்றி சொல்லாமலே போனார்கள்.

சித்திரையில், அன்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்த வங்கி முகவரிக்கு செந்தில்நாதனிடமிருந்து ஒரு கார்டு: "பலகை மாத்தியாச்சு. அறையெல்லாம் அடைச்சாச்சு. நீங்களே வந்து சோதிச்சுப் பாருங்க."

சக்ரபாணி இரண்டு தரம் படித்து, வீட்டில் கொண்டுவந்து காட்டினார். மாமனார் அப்போது படுத்த படுக்கை.

"போகலையா?" என்றாள் பங்கஜவல்லி.

"நன்னா பண்ணியிருப்பார்," என்றார். போகவில்லை.