தூங்க விடாத கை

எண்பதுகளில், மலேசியாவின் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில், என் கணவர் அறுத்த செம்பனைக் குலை அவர் தலையிலேயே விழுந்தது. ரத்தம் வரவில்லை. லயத்து வீட்டுக்கு நடந்தே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கொஞ்ச நேரம் தூங்குறேன் புள்ள."

"தலையில அடிபட்டவர தூங்க விட்டா எழுந்திரிக்க மாட்டாரு. விட்ராத லா!" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கத்தினார்கள்.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் லோரி கொண்டுவரப் போயிருந்தார். அதுவரை என் கணவருக்குக் கண் செருகும்போதெல்லாம் கன்னத்தில் தட்டினேன். பிறகு ஓங்கி அறைந்தேன்.

"ஏன் புள்ள அடிக்கிற?"

அவர் கடைசியாகப் பேசியது அதுதான். மூளை வீங்கி, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

சில வருஷம் கழித்து மகள் ஒரு பத்திரிகையை வாசித்துக் காட்டினாள். மூளையே ஏதோ ஒரு சின்னப் பொருளைச் சுரக்கிறதாம். அது தூக்கத்தைக் கொண்டுவருமாம், வீக்கத்தைத் தணிக்குமாம், மூளையைக் காக்குமாம். இன்னும் ஆராய்ச்சிதான், உறுதியில்லை என்றும் போட்டிருந்தது.

"அதுக்கும் அப்பாவுக்கும் சம்பந்தமில்லம்மா," என்றாள்.

இல்லாமலே இருக்கட்டும். அறைந்தது அவளில்லையே. இப்போதும் மதியத்தில் கண்ணயர்ந்தால், யாரோ கன்னத்தில் ஓங்கி அறைந்ததுபோல் விழித்துக்கொள்கிறேன். ஏன் அடிக்கிற என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.