சாந்தகுமாரி படித்த ஆயிரத்து நூற்றுப் பத்து விண்ணப்பங்கள்

டெல்லியில் மண்டி ஹவுஸ் பக்கத்தில் இருக்கும் எங்கள் இசை ஆவண மையத்தில் சாந்தகுமாரியைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். பணியாளர் பிரிவில் உதவியாளர், இருபத்தாறு வருட சர்வீஸ். அப்பா திருநெல்வேலியிலிருந்து மத்திய அரசு குமாஸ்தாவாக டெல்லிக்கு வந்தவர். சாந்தகுமாரி மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். இந்தியில் பேசி, ஆங்கிலத்தில் கோப்பு எழுதுவார். திருநெல்வேலித் தமிழ் வெளியே வருவது என்னிடம் பேசும்போதுதான். நான் அதே மாடியில் நூலகத்தில் இருக்கிறேன். மத்தியானச் சாப்பாடு சேர்ந்துதான்.

போன வருடம் மையத்துக்குச் செயற்கை நுண்ணறிவு வந்தது. பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்டு, யார் பாடினார்கள், என்ன ராகம், எத்தனை நிமிடம் என்று அதுவே பட்டியல் எழுதியது. பட்டியல் எழுதிக்கொண்டிருந்த ஐந்து ஒப்பந்த ஊழியர்களுக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அதற்குப் பதில் நான்கு புதிய பதவிகள் வந்தன. இயந்திரம் எழுதியதைக் காதால் கேட்டுச் சரிபார்ப்பதுதான் வேலை. அந்த நான்கு பேரைப் பொறுக்குவதற்கும் இன்னொரு மென்பொருள் வாங்கினார்கள். சாந்தகுமாரியோடு வேலை பார்த்த இருவர் வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார்கள். பிரிவில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

அவருக்கு அந்த மென்பொருள் மேல் கோபம் இல்லை. "ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. இதுகிட்ட எவனும் போன் பண்ணி சிபாரிசு சொல்ல முடியாது. அதுக்காகவே இதைக் கும்பிடலாம்" என்றார் என்னிடம். ஆயிரத்து நூற்று நாற்பது விண்ணப்பங்கள் வந்திருந்தன. மூன்று பேர் இரண்டு மாதம் பார்க்கும் வேலையை அது முக்கால் மணி நேரத்தில் முடித்து, முப்பது பேரை நேர்முகத் தேர்வுக்கு எடுத்தது. மற்ற எல்லோருக்கும் காரணம் சொல்லிக் கடிதமும் அனுப்பியது.

நான்கு நாள் கழித்து ஒருவர் சாந்தகுமாரியின் மேஜை முன்னால் வந்து நின்றார். பெயர் ஜெயகிருஷ்ணன், நாற்பது வயதிருக்கும். மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் இருந்தவர், அதை இடித்த பிறகு நகரத்தின் கோடியில் நரேலாவில் குடியிருக்கிறார். பஸ் மாறி மாறி வந்ததில் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கையில் அந்தக் கடிதம். "முன் அனுபவம்: இல்லை" என்ற வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"வேலை கேட்டு வரல மேடம். பதினேழு வருஷமா டெல்லியில தமிழ்க் கச்சேரி எங்க நடந்தாலும் மைக் செட் நான்தான். லெட்டர் வச்சிருக்கேன். இல்லைன்னு எப்படி எழுதினீங்க? அதை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

சாந்தகுமாரி அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, விண்ணப்பத்தைத் திரையில் திறந்தார். ஆறு அனுபவக் கடிதங்கள் இருந்தன. சபாச் செயலாளர்களும் கோயில் நிர்வாகிகளும் தமிழில் கையால் எழுதிக் கொடுத்தவை. மென்பொருளின் குறிப்பில் அந்த ஆறு பக்கங்களுக்கும் நேராக "வாசிக்க இயலவில்லை" என்று இருந்தது. அடுத்த வரியில் அனுபவம் பூஜ்யம்.

சாந்தகுமாரிக்கு முகமே மாறிவிட்டது. "இன்னும் எத்தனை பேருக்கு இப்படி ஆயிருக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

இயக்குநர் பிரதீப் சாரிடம் போனார். அவர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். "சாந்தாஜி, ஏதோ ஒன்றிரண்டு கேஸ் இருக்கும். நேர்முகத் தேர்வுக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது. யார் உட்கார்ந்து படிப்பது?" என்று இந்தியில் கேட்டார்.

"நான் படிக்கிறேன், சார்."

வீட்டில் கணவர் ஜோதிலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். "உன் நாற்காலியே ஆடிட்டு இருக்கு சாந்தா. மெஷின் தப்புன்னு நீ எழுதினா, வேலை போயிரும்னு பயந்து எழுதுதான்னுதான் சொல்லுவாங்க." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பணியாளர் பிரிவையே மூடிவிடலாம் என்று ஒரு கோப்பு சுற்றிக்கொண்டிருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சாந்தகுமாரி மறுநாள் எட்டரைக்கே அலுவலகம் வந்துவிட்டார்.

ஒன்பது நாளில் ஆயிரத்து நூற்றுப் பத்து விண்ணப்பங்கள். இந்தி, ஆங்கிலம், தமிழ் அவருக்கே தெரியும். வங்காளக் கடிதங்களைக் கணக்குப் பிரிவு முகர்ஜியிடமும், ஒடியாவை வாசல் காவலரிடமும் காட்டினார். கன்னடம், தெலுங்கு, மலையாளம் மிஞ்சின. சனிக்கிழமை அவற்றை அச்செடுத்துக்கொண்டு அந்தந்த மாநில விருந்தினர் இல்லங்களுக்குப் போய், வரவேற்பு மேஜைகளில் கெஞ்சிப் படித்துச் சொல்லச் சொன்னார். ஒரு இடத்தில் சமையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நின்றபடியே நான்கு கடிதங்களைப் படித்தாராம். எங்கே கொண்டுபோனாலும் விண்ணப்பித்தவர் பெயரின் மேல் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. யாருடைய விண்ணப்பம் என்று என்னிடம்கூட அவர் சொன்னதில்லை.

அறுபத்து நான்கு பேர் இதே காரணத்தால் தள்ளப்பட்டிருந்தார்கள். ஒன்றரைப் பக்கத்தில் குறிப்பு எழுதினார். குறை சொல்லும் வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. எத்தனை பேர், எந்த மொழி, எந்தப் பக்கம் என்று மட்டும் இருந்தது. பிரதீப் சார் முதலில் எரிச்சலோடுதான் வாங்கினார். பட்டியலில் ஏதோ ஐந்து விண்ணப்பங்களைத் தானே திறந்து பார்த்தார். ஐந்தும் குறிப்பில் சொன்னபடியே இருந்தன. நேர்முகத் தேர்வு மூன்று வாரம் தள்ளிவைக்கப்பட்டது.

மென்பொருள் கம்பெனியிலிருந்து ஸ்ம்ருதி என்ற பெண் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நாங்கள் நினைத்தோம். அவள் குறிப்பை இரண்டு முறை படித்துவிட்டு, "ஆன்ட்டி, வாசிக்க முடியாததைப் பூஜ்யமாக எடுக்கும்படி வைத்தது எங்கள் தவறு" என்றாள். இரண்டு நாள் சாந்தகுமாரியின் மேஜை அருகிலேயே உட்கார்ந்து அதை மாற்றினாள். வாசிக்க முடியாத பக்கம் எது வந்தாலும் இனி மனிதர் பார்வைக்கு வந்து நிற்கும். மாற்றிய பிறகு மறுபடி ஓட்டிப் பார்த்ததில் அறுபத்தாறு பேர் வந்தார்கள்.

இரண்டு பேர் அதிகம். சாந்தகுமாரி அந்த இரண்டையும் எடுத்துப் பார்த்தார். ஏழாம் நாள் அவர் கையால் "தள்ளியது சரி" என்று குறித்துத் தாண்டிப் போனவை. அப்போது அந்த விஷயம் ஸ்ம்ருதிக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் உடனே இயக்குநருக்கு இன்னொரு குறிப்பு எழுதினார்: இரண்டு விண்ணப்பங்களை நான் தவறவிட்டேன், இயந்திரம் கண்டுபிடித்தது.

"இதை எழுதணுமாக்கும்?" என்று கேட்டேன்.

"அவங்க ரெண்டு பேரும் மனுஷங்கதானே" என்றார்.

அறுபத்தாறு பேரின் அனுபவத்தையும் சேர்த்துக் கணக்கிட்டதில் ஒன்பது பேர் நேர்முகத் தேர்வுக்குத் தகுதி பெற்றார்கள். ஜெயகிருஷ்ணன் அதில் ஒருவர். ஒரு பதிவைப் போட்டுக் காட்டி, இயந்திரத்தின் பட்டியலில் பிழை பார்க்கச் சொன்னார்கள். முதல் பாட்டு என்று அது எழுதியிருந்த நான்கு நிமிடமும் பாட்டே இல்லை, தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிற சத்தம் என்று அவர் உடனே சொல்லிவிட்டார். ஆனால் திருத்தங்களைக் கணினியில் ஏற்றும் பகுதியில் திணறினார். கட்-ஆஃப் மதிப்பெண் அறுபத்து நான்கு. அவருக்கு அறுபத்தொன்று. ஒன்பது பேரில் வேறு இரண்டு பேருக்கு வேலை கிடைத்தது.

முடிவை வாங்க ஜெயகிருஷ்ணனே நேரில் வந்தார். சாந்தகுமாரிக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கடிதத்தில் "முன் அனுபவம்: பதினேழு ஆண்டுகள்" என்று இருந்தது. கீழே மதிப்பெண்கள் பகுதி பகுதியாக. ஜெயகிருஷ்ணன் எல்லாவற்றையும் படித்தார்.

"இது சரி மேடம். எதுல தோத்தேன்னு தெரியுது. கம்ப்யூட்டர் கத்துக்கிட்டு அடுத்த தடவை வரேன்" என்றார். போகும்போது கை கூப்பினார். சாந்தகுமாரி எழுந்து நின்று கூப்பினார்.

சாந்தகுமாரியின் பழைய பதவி ஏப்ரலில் ரத்தானது. ஆனால் பிரதீப் சார் வாரியத்தில் வாதாடி, இயந்திரம் தள்ளிவிட்ட விண்ணப்பங்களை மறுபடி பார்ப்பதற்கென்று ஒரு மேஜை ஏற்படுத்தினார். அதைச் சாந்தகுமாரிக்குக் கொடுத்தபோது அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: இரண்டு பேர் வேண்டும். "எனக்கும் கண்ணு தப்புது சார், பாத்தீங்கல்ல" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு இந்தியில் சொன்னாராம். கொடுத்தார்கள். இப்போது அந்த மேஜையில் அவரும் வங்காளம் தெரிந்த ஒரு பெண்ணும் இருக்கிறார்கள்.

போன மாதம் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் இந்த முறையைக் கற்றுக்கொள்ள வந்தார்கள். மடிக்கணினியைத் திறந்து, விளக்கம் சொல்லுங்கள் என்றார்கள். சாந்தகுமாரி, இயந்திரம் தள்ளிவிட்ட பழைய விண்ணப்பங்களில் ஆளுக்கு ஐம்பதை முன்னால் வைத்தார், பெயர்கள் மறைத்து. "முதலில் இதைப் படித்துவிடுங்கள், பிறகு பேசலாம்" என்றார். இருபதாவதில் ஒருவர் டீ குடிக்க எழுந்தார். மற்றவர் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்.