மேருவில் ஒரு ஓக் பீப்பாய்

மேரு சாலையில் கார் நின்றுவிட்டதால் மாணிக்கத்தின் லோரிப் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். மூலையில் ஓர் ஓக் பீப்பாய். அதில் சம்சு என்னும் மலிவான வெள்ளைச் சாராயத்தை ஊற்றி மூன்று வருடமாக மூடி வைத்திருக்கிறார். அந்த மரத்தில் ஊறினால் சாராயம் பொன்னிறமாகி, மணம் ஏறி, விஸ்கி போல ஆகிவிடுமாம். நாளை மறுநாள் மகள் கல்யாணம். இன்றைக்குத்தான் திறக்கிறார்.

கிளாசில் விழுவது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கிறது.

"நிறமே ஏறலையே, அண்ணே?"

"ஆனா ஒரு சொட்டு குறையல பாருங்க, பாஸ். மொதல்ல ஒழுகுச்சு. ஒழுகுறதப் பாத்துக்கிட்டு மெக்கானிக் சும்மா இருப்பானா? மெழுக உருக்கி உள்ள முழுக்கப் பூசிட்டேன்லா."

மூன்று வருடமாகச் சாராயம் மரத்தைத் தொடவே இல்லை என்று சொல்கிறேன். கிளாசையே பார்க்கிறார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியிடம் கத்துகிறார்.

"பெரிய சட்டியில தேத்தண்ணி போடு. பால் ஊத்தாத, கலர்தான் முக்கியம்!"