பேய்க்குக் குரல் கொடுத்தவள்

டப்பிங் பேசுகிறவர்கள் மத்தியில் அவளுக்குக் 'குயில்' என்று பெயர். எல்லாம் கிண்டல்தான், தொண்டை அப்படிக் கரகரக்கும். கிழவிகளுக்கும் பேய்களுக்கும்தான் அவளைக் கூப்பிடுவார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு மாயமந்திரப் படம். காதலியைக் கொன்றவன் மந்திரவாதி. பழி விழுந்ததோ காதலன் தலையில். அவன் கழுத்துக்குத் தூக்குக்கயிறு வரும்போது, செத்தவள் ஆவியாக வந்து ஒரே ஒரு வசனம் பேச வேண்டும்: "என்னைக் கொன்னது இவர் இல்ல."

"மிரட்டிப் பேசும்மா," என்றார் டைரக்டர்.

குயில் மிரட்டிப் பார்த்தாள். மனசு ஒப்பவில்லை. "சார், அவ யாரையும் பயமுறுத்த வரலையே? அவரைக் காப்பாத்தத்தானே வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டு, கெஞ்சுகிற மாதிரி பேசினாள். டைரக்டர் அதையே ஓகே செய்தார்.

படம் வந்ததும் தம்பியோடு தியேட்டருக்குப் போனாள். அந்தக் காட்சியில் முன்வரிசை அம்மா ஒருத்தி விசும்பி விசும்பி அழுதாள். தம்பிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அது எங்க அக்கா குரல்தாங்க!"

அந்த அம்மா திரும்பி, இருட்டில் துழாவிக் குயிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருப்பம்மா. நீ மட்டும் வாயத் திறக்கலேன்னா அநியாயமா ஒரு உசுரு போயிருக்கும்."

வீடு வரைக்கும் அக்காவும் தம்பியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இன்று குயிலுக்குத் தலை நரைத்துவிட்டது. அந்தத் தியேட்டரும் இல்லை. ஆனாலும் அந்தப் படம் டிவியில் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் போடுவாள்.

"டேய், இன்னும் தூக்குல போடல. சீக்கிரம் டிவியப் போடு!"