கொக்குக் குஞ்சும் மான் குட்டியும்

கூடலூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் திராட்சைத் தோட்டம். வாய்க்கால் கரைப் புளியமரத்தில் வருஷா வருஷம் கொக்கு கூடு கட்டும். காற்றடித்தால் ஒன்றிரண்டு குஞ்சுகள் கீழே விழும். விழுந்ததைத் தாய் திரும்பிக்கூடப் பார்க்காது. நான்தான் எடுத்துவந்து, கெண்டை மீனைப் பிய்த்துப் போட்டு வளர்த்துப் பறக்கவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாதம், மேல்வரப்புப் புல்லுக்குள் நாலுகொம்பு மானின் குட்டி ஒன்று மடங்கிக் கிடந்தது. அந்த மானே வெள்ளாட்டு உயரத்தைத் தாண்டாது. குட்டியை இரண்டு கையில் அள்ளிவிடலாம். கிட்டே போனேன். எழவில்லை, கத்தவில்லை. கொக்குக் குஞ்சு என்றால் பசியில் ஊரையே கூட்டிவிடும். இதற்குக் கத்தவும் தெம்பில்லை போலிருக்கிறதே என்று அள்ளக் குனிந்தேன்.

களையெடுக்க வந்திருந்த அக்கா ஓடி வந்தார். விறகுக்காகக் காட்டுக்குள் போய்வந்து பழகியவர்.

"ஏத்தா, தொடாத! தாய்தேன் இங்கன படுக்கப் போட்டுட்டு மேயப் போயிருக்கும். பால் குடுக்க வரும்."

"வர்ற தாய் இப்பிடியா போட்டுட்டுப் போகும்? எத்தனை குஞ்சு வளத்திருக்கேன், எனக்குத் தெரியாதாக்கா?"

அப்படிப் பேசிய வாயில் இப்போதும் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வீட்டுக்குத் தூக்கிவந்தேன். ஆட்டுப்பாலைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் வாயை இறுக்கிக்கொண்டது. விரலில் தொட்டுத் தடவினேன், ஓரமாக வழியவிட்டது. கொக்குக் குஞ்சு இரண்டே நாளில் தோள்மேல் ஏறிவிடும். இது அசையாமல் கிடந்ததைப் பார்த்து, இதுவும் பழகிவிட்டது என்று நம்பினேன். பயத்தில் அப்படிக் கிடந்திருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் அக்கா வாசலில் வந்து நின்றார்.

"தாய் வந்திருக்கு. அங்கனயேதேன் சுத்திச் சுத்தி வருது."

குட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓடினேன். திராட்சைப் பந்தல் முடிகிற இடத்தில் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். மேல்வரப்பில் தாய் நின்றது. பால் கட்டி மடி கனத்திருந்தது. குட்டி கிடந்த இடத்துப் புல்லை மோந்தது, காட்டுப் பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்தது, திரும்பவும் மோந்தது.

முந்தானையை விலக்கினேன். குட்டியின் கழுத்து என் கைமேல் துவண்டு தொங்கியது. வரும் வழியிலேயே உயிர் போயிருக்கிறது. அக்கா என் முந்தானையை இழுத்துக் குட்டியின் முகத்தை மூடினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெயில் ஏறும்வரை தாய் அந்தப் புல்லையே தேடிக்கொண்டிருந்தது. குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் கண்ணில் படாமல், நான் பந்தலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.