மைனஸில் வந்த ஏரிப் பரப்பு

ஏரியின் பரப்பு மைனஸில் வந்தது. எண்பதுகளின் நடுவில், வில்லியனூர் பக்கம் ஒரு பாசன ஆபீசில், அடைமழை நாளில் அதைப் பார்த்தேன்.

முதலில் புரோகிராமைச் சொல்லிவிடுகிறேன். எந்த உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளந்து கொடுத்தால், அந்தப் புள்ளிகள் வழியாகப் போகும் வளைகோட்டின் சமன்பாட்டை, அதாவது பாலினாமியலை, அது கண்டுபிடிக்கும். விடையை அட்டவணையாக இல்லாமல் ஃபார்முலாவாகவே வைத்திருக்கும். பிரிண்ட் எடுக்கலாம், உயரம் ஏற ஏற தண்ணீர் எந்த வேகத்தில் கூடுகிறது என்று டிஃபரன்ஷியேட்டும் செய்யலாம். எழுதியது நான். டிகிரியை, அதாவது அந்தக் கோடு எவ்வளவு நெளியலாம் என்பதை, முடிவு செய்தது எங்கள் இன்ஜினியர்.

"ஆறாவது டிகிரி போடும்மா. ஒரு புள்ளி வெளிய நிக்கக் கூடாது" என்றார். நின்றால் மேலிடத்தில் கேள்வி வருமாம்.

அன்று ஏரி மதகில் இருந்த ஷட்டர்காரர் போனில் சொன்ன நீர்மட்டத்தை ஃபார்முலாவில் போட்டேன்.

"கொள்ளளவுக்குள்ளதான் இருக்கு. தொறக்க வேணாம்" என்றார் இன்ஜினியர்.

எதிரில் நனைந்து நின்ற விவசாயி கோவிந்தனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. உபரி வாய்க்காலை ஒட்டி அவர் நெல் கதிர் முற்றி நின்றது. ஒரேயடியாகத் திறந்தால் அவ்வளவும் போய்விடும்.

இன்னும் ஓர் அங்குலம் ஏறினால் எவ்வளவு சேரும் என்று பார்க்க டிஃபரன்ஷியேட் செய்தேன். கிடைப்பது அந்த உயரத்தில் ஏரியின் பரப்பு. மைனஸ்.

"சார், மட்டம் ஏற ஏற தண்ணி கொறையுதுன்னு சொல்லுது."

"இன்னாம்மா ஒளர்ற?"

பிறகுதான் உறைத்தது. ஏரியின் மேல்விளிம்பில் கரும்பு போட்டிருந்தவர்கள் சர்வே நடந்தபோது நின்ற பயிரில் கால் வைக்க விடவில்லை. சர்வே ஆட்கள் கரும்போரத்தோடு அளவை நிறுத்திவிட்டார்கள். புள்ளியே இல்லாத அந்த உயரத்தில் ஆறாவது டிகிரி தன் இஷ்டத்துக்குக் கீழே வளைந்து, இருக்கும் தண்ணீரைக் குறைத்துக் காட்டியிருந்தது. தண்ணீரோ அன்று அந்தக் கரும்போரத்தையும் தாண்டி ஏறியிருந்தது.

சொன்னதும் இன்ஜினியர் போனை எடுத்தார். "எல்லா ஷட்டரையும் தூக்குபா. இப்பவே."

"இப்பத்தான சார் வேணாம்னீங்க?" என்றார் கோவிந்தன்.

கரை நின்றது. கீழே இருந்த குடிசைகள் தப்பின. நெல் போனது. தண்ணீர் வடிந்ததும் கோவிந்தன் ஆபீசுக்கு வந்தார். நடந்ததையெல்லாம் விளக்கினேன்.

"அப்ப மொத நாளே தெரிஞ்சிருந்தா கொஞ்சம் கொஞ்சமா தொறந்து வுட்டிருப்பீங்க. எம் பயிரும் நின்னிருக்கும். அப்பிடித்தானம்மா?"

"ஆமாங்க" என்றேன்.

அன்றே புரோகிராமை மாற்றினேன். அளந்த உயரத்தைத் தாண்டிக் கேட்டால் விடை வராது. 'அளக்கவில்லை' என்று மட்டும் வரும். விடை தராத மெஷின் எதுக்கு, அந்த வரியை எடு என்றார் இன்ஜினியர். நான் எடுக்கவில்லை. இந்த வேலைக்கு வரும் நீங்களும் எடுக்காதீர்கள்.